கொடுத்த பிறகு யார் நடத்துவது?

எச்சிஎல் கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கிய சிவ் நாடாரைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். ஹுருன் நிறுவனத்தின் கொடையாளர் பட்டியல் வெளியாகிற சமயம். திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில் பிறந்தவர்தான் இந்தியாவிலேயே அதிகம் கொடுத்தவர் என்று இருக்கும். 2024 பட்டியலில் அவர் குடும்பத்தின் பெயருக்கு நேரே இருந்த தொகை 2,153 கோடி ரூபாய். எங்கள் வியாபாரிகள் குழுவில் அதற்குக் கீழே இரண்டே வகைப் பதில்தான் வரும். ஒன்று, கும்பிடு போடுகிற படம். இன்னொன்று, "எல்லாம் சரிவே, நம்ம ஊருக்கு என்ன செஞ்சாரு?"

எனக்கு இரண்டு பதிலிலும் சம்மதமில்லை. கும்பிடு போட்டுவிட்டால் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவர் தொழில் செய்த விதம். நம் இளைஞர்களுக்கான கூட்டங்களில் சொல்லப்படுகிற கதை எப்போதும் ஒரே மாதிரிதான்: டெல்லியில் டிசிஎம் கம்பெனியில் நல்ல வேலை, அதை உதறினார், கம்ப்யூட்டர் செய்தார், ஜெயித்தார். நடுவில் இருக்கிற கால்குலேட்டரை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலையை விட்டு வந்த சேக்காளிகள் சேர்ந்து முதலில் ஆரம்பித்தது மைக்ரோகாம்ப் என்ற கம்பெனி. அதில் விற்றது கால்குலேட்டர். மனசில் இருந்தது கம்ப்யூட்டர்தான். ஆனால் கையில் காசு வேண்டுமே. ஓடுகிற சரக்கை விற்றுக் காசைப் பார்த்த பிறகுதான் 1976-இல் எச்சிஎல் வந்தது. அதிலும் உத்தரப் பிரதேச அரசைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு ஒத்துப்போக மாட்டேன் என்று அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம் 1978-இல் நாட்டைவிட்டுப் போனபோது, இவர்களிடம் விற்பதற்கு ஒரு மெஷின் தயாராக இருந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். கதவு திறக்கும்போது சரக்கோடு வாசலில் நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்ம பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ பெருமாள்புரத்திலோ ஒரு பையன் கடை போடுகிறான் என்றால் முதல் செலவு கண்ணாடிக்கும் ஏசிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும்தான். திறப்பு விழாவுக்கு ஒரு சின்னத்திரை முகம் வேறு. சரக்கு வாங்க வட்டிக்கு எடுப்பான். ஆறு மாசத்தில் ஷட்டரில் 'டு லெட்' தொங்கும். அவனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், பெரிய கனவு காண் என்றுதானே எல்லாரும் மைக் பிடித்துச் சொல்கிறார்கள். நீ விற்கப்போகிற கால்குலேட்டர் எது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

சரி, நான் எழுத வந்தது கொடையைப் பற்றி.

பாதிப் பேர் நினைப்பது, அவர் சம்பாதித்து முடித்துவிட்டுக் கடைசிக் காலத்தில் தர்மத்துக்குத் திரும்பினார் என்று. வருஷங்களைப் பாருங்கள். அறக்கட்டளை தொடங்கியது 1994. அப்பா சிவசுப்பிரமணிய நாடார் பெயரில் சென்னையில் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி வந்தது 1996. எச்சிஎல் டெக்னாலஜிஸ் பங்குச் சந்தைக்கு வந்ததே 1999-இல்தான். பெரிய பணம் வருவதற்கு முன்னாலேயே கொடுக்கிற அமைப்பு கட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு 2009-இல் உத்தரப் பிரதேசம் புலந்த்ஷகரில் வித்யாஞான் பள்ளி, 2011-இல் பல்கலைக்கழகம். 2020-இல் எச்சிஎல் டெக்னாலஜிஸ் தலைமையை மகள் ரோஷ்னியிடம் கொடுத்தார். அறக்கட்டளை வேலையிலும் அந்த அம்மா வெகுகாலமாக இருக்கிறார். தனக்குப் பின்னால் கம்பெனியை யார் நடத்துவது என்று யோசித்தது போலவே பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது என்றும் யோசித்திருக்கிறார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், கொடை எப்படிச் சாகிறது என்பதைத் தினமும் பார்க்கிற தொழில் என்னுடையது. பாளையங்கோட்டையில் மோட்டார், பைப், உப்புத் தண்ணியைக் குடிதண்ணியாக்குகிற ஆர்ஓ பிளான்ட் விற்கிறேன். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கமெல்லாம் உப்புத் தண்ணி. தண்ணியில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுகிற டீடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டுகிற கிணறுகள் நிறைய. அதனால் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற சென்னை, மும்பை கடைக்காரர்கள் முதலில் யோசிப்பது பள்ளிக்கூடத்துக்கு ஆர்ஓ. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது கடைக்கு வருவார்கள்.

"அண்ணாச்சி, நல்ல பெரிய பிளான்டா போடுங்க. பேரு ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியணும்."

"போட்டுரலாம் அண்ணாச்சி. கேண்டில் யாரு மாத்துவா?"

"அதெல்லாம் ஸ்கூல்ல பாத்துக்கிடுவாங்க."

பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களால் முடியாது. தண்ணியில் வருகிற சேற்றைப் பிடிக்கிற வடிகட்டிதான் ஸ்பன் கேண்டில். அது இரண்டு மூன்று மாசத்தில் சேறு பிடித்துப் பழுப்பாகிவிடும். மாற்றாமல் விட்டால் அழுக்கு நேரே உப்பைப் பிரிக்கிற மெம்பிரேனுக்குப் போகும். உப்பும் சேறும் சேர்ந்து மெம்பிரேன் அடைத்துக்கொண்டால் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். அப்புறம் மோட்டார் சத்தம் மட்டும் வரும், தண்ணி வராது. தலைமையாசிரியர் முதல் தடவை சொந்தக் காசைப் போட்டு மாற்றுவார். இரண்டாவது தடவையும் மாற்றுவார். அதற்குள் மாறுதல் வந்து போய்விடுவார். புதிதாக வருகிறவருக்கு அந்த மெஷினின் சாவி எங்கே என்பதே தெரியாது. கேண்டில் விலை ஒன்றும் பெரிசில்லை. ஒரு வருஷத்துக் கேண்டிலுக்கு ஆகிற காசு, திறப்பு விழா அன்றைக்கு அடித்த ஃபிளெக்ஸுக்கே போயிருக்கும். ஒரு பள்ளியில் பிளான்ட் நின்று வெகுநாளாகியும் உபயதாரர் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. எனாமல் எழுத்து.

கொடுத்தவர் கெட்டவரா? இல்லவே இல்லை. மனசாரக் கொடுத்தவர். அவர் கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினால் சர்வீஸ் எங்கே, கேரண்டி எத்தனை வருஷம் என்று பத்துக் கேள்வி கேட்பார். தர்மம் என்று வந்ததும் அந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறார். என் சண்டை அதோடு மட்டும்தான்.

நம்ம முன்னோர்கள் இதில் சுதாரிப்பாக இருந்தார்கள். திருச்செந்தூர் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, வரகுண பாண்டியன் காலத்தது. கோயில் பூசைச் செலவுக்கு 1,400 பொற்காசு கொடுத்த கணக்கு. காசை உண்டியலில் கொட்டிவிட்டுப் போகவில்லை. பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்து, முதல் குறையாமல் ஆண்டுதோறும் அதன் வட்டியை நெல்லாகக் கோயிலுக்கு அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. எந்த ஊர் எத்தனை காசு வாங்கியது, எவ்வளவு அளக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. அணையாமல் எரிகிற நந்தா விளக்கு வைத்தவர்களும் விளக்கோடு நிறுத்தவில்லை. நெய்க்கு ஆடும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தை எண்ணிக்கை குறையாது. கேண்டில் யார் மாற்றுவது என்ற கேள்விக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பதில் அது.

பிறகு மகமை, வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று எடுத்து வைக்கிற பங்கு. தூத்துக்குடி, விருதுநகர் வியாபாரிகளின் பழைய கணக்குச் சிட்டையில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமைக்கு ஒரு வரி இருக்கும். லாபம் வந்தால் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. கூலி, வண்டி வாடகை மாதிரி அதுவும் ஒரு செலவு. நகரத்தார் ஏட்டிலும் மகமை உண்டு. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடந்த பள்ளி. அந்த மகமை சாதிக்குள் சுற்றிய பணம், கொடுக்காதவனை உறவின்முறை என்கிற சாதிச் சங்கம் சும்மா விடாது என்பதெல்லாம் உண்மை. அந்த அமைப்பை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கொடையைச் செலவுக் கணக்கில் எழுதிய பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சிவ் நாடார் செய்வது எனக்கு அதன் பெரிய வடிவமாகத்தான் தெரிகிறது. சம்பளத்துக்கு ஆள் போட்டு, வருஷா வருஷம் பணம் ஒதுக்கி, தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்து, கம்பெனி நடத்துகிற கறாரோடு நடத்துகிறார்.

அவரிடம் எனக்கு மாறுபாடும் உண்டு. வித்யாஞான் பள்ளி உத்தரப் பிரதேசக் கிராமங்களிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து, விடுதியில் வைத்து இலவசமாகப் படிக்கவைக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையே மாறிவிடும், சந்தேகமில்லை. ஆனால் வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை போன பிறகு அந்தக் கிராமத்துப் பள்ளி அப்படியேதான் இருக்கும். தலைவர்களை உருவாக்கினால் அவர்கள் ஊரை மாற்றுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஐம்பதுகளில் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது முதலாவதாக வருகிற பிள்ளைக்கு மட்டும் சோறு போடவில்லை. ஊர்க்காரர்கள் கொடுத்ததும் அரசு கொடுத்ததுமாகச் சேர்ந்து நடந்த அந்தத் திட்டம் வளர்ந்து அரசின் பட்ஜெட்டில் நிரந்தரமாக ஏறிக்கொண்டது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். அரசாங்கத்தால் முடிவதைத் தனி மனிதரிடம் எதிர்பார்க்காதே என்று யாராவது சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வேன்.

இனி அந்த "நம்ம ஊருக்கு என்ன செஞ்சாரு" கேள்வி. பள்ளிக்கூடங்களில் நாம் உத்தரப் பிரதேசத்தைவிட ரொம்ப முன்னால் இருக்கிறோம். அதற்குப் பாளையங்கோட்டையே சாட்சி. தேவை அதிகம் இருக்கிற இடத்துக்குக் கொடை போவதில் என்ன தப்பு? அதோடு இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பல பேர் நம்ம ஊரில் லாபம் பார்த்து சென்னையில் பிளாட் வாங்கியவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் கோயில் கொடைக்கு வரி கொடுத்த ரசீதைக் காட்டுவார்கள்.

இப்போதெல்லாம் பள்ளிக்கு ஆர்ஓ என்று யார் வந்தாலும் மூன்று வருஷத்துக் கேண்டில், ஒரு மெம்பிரேன், சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்துத்தான் விலை சொல்கிறேன். அந்தப் பணத்தைத் தனியாக எழுதி வைத்து, தேதி வந்ததும் கடைப் பையனை அனுப்பிவிடுவேன். பிளான்டைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சில பேர் சரி என்றார்கள். சில பேர் ஜங்ஷனில் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே விலை குறைவாம், பெயர்ப் பலகையும் ஃப்ரீயாம்.