அடி வாங்குற பாட்ஷாவை மட்டும் எத்தனை தரம் பார்ப்பது?

ஒரு பாட்டை வெட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறவர்கள், திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபையில் பாடுகிற பாட்டை ஒருக்கால் வெட்டிப் பாருங்கள். நீங்கள் மினக்கெடவும் தேவையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ரீவிக்காரன் அந்தத் திருப்பணியைச் செய்து முடித்துவிட்டான். பாகவதராக நடிக்கிற பாலையா மிடுக்காகச் சபைக்குள் வருகிறார். ஒரு சோப் விளம்பரம், ஒரு பால்மா விளம்பரம். திரும்பி வந்தால் சபை முழுக்க வியந்துபோய் இருக்கிறது. எதைக் கேட்டு வியந்தது? அந்த மனுசன் வாயே திறக்கவில்லையே!

பாலமுரளிகிருஷ்ணா பாடின பாட்டு அது. அதைக் கேட்டு, "ஐயோ, இந்தாளை ஆர் வெல்லுறது" என்று நமக்கே வயிற்றைக் கலக்க வேண்டும். கலக்கினால்தான் அவரோடு போட்டிக்குப் பாட வேண்டிய பாணபத்திரர் கோயிலில் போய் அழுவதற்கும், சிவன் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்குவதற்கும் ஒரு நியாயம் இருக்கும். பாட்டை எடுத்துவிட்டால், பாடாத ஒருத்தரைத் தோற்கடிக்கக் கடவுள் கைலாயத்திலிருந்து வேலை மினக்கெட்டு இறங்கி வருகிறார். 1965இல் ஏ.பி.நாகராஜன் இந்தக் கதையையா எடுத்தார்? அந்த மனுசன் நக்கீரராக வந்து, நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று சிவனிடமே நின்றவர். ரீவிக்காரனை விட்டிருப்பாரா?

அம்மா இந்தப் பாட்டுக்காகத்தான் சோற்றை வெள்ளனவே வடித்து வைத்துவிட்டு வந்து இருந்தவ. "எடேய், பாட்டு எங்கையடா?" என்று என்னைக் கேட்கிறா, நான் எடுத்து ஒளித்து வைத்த மாதிரி.

திரும்பத் திரும்பப் படம் பார்க்கிற சனத்தைப் பற்றி இந்த வெட்டுக்காரர்களுக்கு ஒரு கோதாரியும் தெரியாது. கதை எங்களுக்குத் தெரியும். முடிவும் தெரியும். அடுத்த வசனம் என்ன, அதைச் சொல்லும்போது பின்னுக்கு நிற்கிற ஆள் எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதுவரைக்கும் தெரியும். நாங்கள் குந்தியிருப்பது ஓரிடத்துக்காக. அம்மாவுக்கு அந்தப் பாட்டு, பெரியப்பாவுக்குத் தருமி புலம்புகிற இடம். அந்த இடம் வரும், வரும் என்று இரண்டு மணித்தியாலம் காத்திருக்கிறதில்தான் முழுச் சந்தோசமும் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து வெட்டுகிறார்கள். மற்ற இடம் எல்லாம் பத்திரமாக இருக்கும். விளம்பரத்தின் பக்கம் கத்தி போகவே போகாது. கண்டறியாத ஷாம்பு விளம்பரம், ஒரே பெட்டை, ஒரே தலைமயிர், ஒரே சிரிப்பு, அது ஒரு வினாடிகூடக் குறையாமல் வரும். அதற்குள் "முழுநீளத் திரைப்படம்" என்று கிழமை முழுக்க அறிவித்தல் வேறு.

சிகரெட் கதை இன்னொன்று. 2006இல் இலங்கையில் புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் சட்டம் வந்தது, நல்ல விசயம், நான் அதோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்கிற காட்சியில் திரையின் நடுவே ஒரு பெரிய கலங்கல் பறந்து வந்து ரஜினியின் முகத்தில் ஒட்டுகிறது. சிகரெட்டை மறைத்தால் சரி, மூக்கையும் வாயையும் ஏன் மறைக்கிறீர்கள்? சின்னப் பிள்ளைகள், "மாமா, அவருக்கு வாயில என்ன வருத்தம்?" என்று கேட்கினம்.

சரி, ரீவியை விடுவோம். பஸ்ஸுக்கு வருவோம். அங்கேதான் எனக்கு உண்மையான கொதி.

வவுனியாவில் பஸ் வெளிக்கிடும்போது கொண்டக்டர் பாட்ஷாவைப் போடுவார். 1995 பொங்கலுக்கு வந்த படம், இன்றைக்கும் பஸ்ஸில் அதுதான் ராசா. நான் குறை சொல்லவில்லை, எனக்கும் உயிர். அந்தப் படத்தின் முன்பாதி முழுக்க எதற்காக? மாணிக்கம் அடங்கி, ஒடுங்கி, ஒரு சண்டியனிடம் கைகட்டி அடி வாங்குவதற்காக. வாங்குகிற ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் உள்ளுக்குள் கணக்கு வைக்கிறோம், ஏனென்றால் இந்த ஆள் ஆரென்று எங்களுக்குத் தெரியும், அடிக்கிறவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுப்பான். அந்தத் திருப்பிக் கொடுக்கிற இடத்துக்காகத்தான் ஒவ்வொரு அடியையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறது.

எங்கள் ஆட்கள் மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுப் பக்கத்து பஸ்ஸுக்கு மாற வேண்டும். வவுனியாவிலிருந்து ஒரு மணித்தியாலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாணிக்கம் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது, "மாங்குளம், மாங்குளம், இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ." போய்விட்டது. வருசக்கணக்காக நான் பஸ்ஸில் பார்த்த பாட்ஷா, அடி மட்டும் வாங்குகிற ஒரு அப்பாவி ஓட்டோக்காரனின் சோகப் படம்.

கிளிநொச்சிக்குப் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை நானும் போனேன். அடி வாங்கி முடிந்தது, தங்கச்சியில் கை வைத்தாச்சு, மாணிக்கத்தின் பார்வை மாறுகிறது, பஸ் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறது. அந்த நேரம் பார்த்து முறிகண்டி! ஏ9இல் ஓடுகிற எந்த பஸ்ஸும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகாது, போகவும் கூடாது. சனம் இறங்கிக் கற்பூரம் கொளுத்துகிறது, கச்சான் வாங்குகிறது. ஆனால் கொண்டக்டர் தம்பி, படத்தை நிற்பாட்டிவிட்டு இறங்க உனக்கு என்ன நோ? வெறும் சீற்றுகளுக்கு முன்னால் பாட்ஷா தனியே நின்று அடிக்கிறான். சத்தம் வெளியே கேட்கிறது. நான் கச்சான் சுருளோடு ஓடி வந்து படியில் கால் வைக்க, எல்லாரும் விழுந்து கிடக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது. பிள்ளையார் மட்டும் பார்த்திருப்பார்.

கன்னத்தில் முத்தமிட்டால் படத்தைப் போட்டாலும் இதே கதைதான். அதில் வருகிற பிள்ளையைப் பெற்ற தாய் மாங்குளத்துக்காரி. பிள்ளை தாயைத் தேடிக் கடல் கடந்து வர முன்னமே நான் உண்மையான மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்கு நின்றுவிட்டேன். அங்கே அடுத்த பஸ்ஸில் ஏறினால் என்ன படம்? பாட்ஷா. முதலிலிருந்து.

"உதெல்லாம் ஒரு பிரச்சினையே? படம் முழுக்க யூடியூபில கிடக்குது" என்பான் மருமகன். கிடக்குது, கிடக்குது. உரிமைக்காரர்களிடம் பிடிபடக் கூடாதென்று ஆரோ ஒருத்தன் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான். கடைப் பலகையில் எழுத்தெல்லாம் தலைகீழ் மாதிரி. நாயகி முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறா. தாலி கட்டுகிறவன் இடது கைக்காரன். குரலை வேறு இரண்டு கட்டை ஏற்றிவிட்டிருக்கிறான், சிவாஜி கீச்சுக் குரலில் கர்ச்சிக்கிறார். ஒழுங்கானது எங்கேயாவது இருக்கும் என்று தேடி அழுத்தினால், இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வரும். எங்கள் நாடு அவர்களுக்கு என்ன செய்தது என்று தெரியவில்லை.

இந்த மருமகன்தான் எங்களைப் பார்த்து, "பார்த்த படத்தையே பார்க்கிறியளே, விசரே?" என்று கேட்கிறவனும். தம்பி ராசா, நீ என்ன செய்கிறாய்? அரை நிமிசத் துண்டு ஒன்றைப் படுக்கையில் கிடந்துகொண்டு பெருவிரலால் தள்ளித் தள்ளி, அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாய். நாங்கள் முழுப் படத்தைப் பார்த்தால் விசர், நீ துண்டைப் பார்த்தால் நாகரிகம். 2024 ஏப்ரலில் கில்லியை இருபது வருசத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் திரும்ப விட்டபோது, சனம் கதிரைக்கு மேல் ஏறி நின்று ஆடினதைக் கண் வெட்டாமல் பார்த்ததும் நீதான். அங்கே நடந்தால் கொண்டாட்டம், புதுக்குடியிருப்பில் ஒரு கிழவி செய்தால் விசரா?

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். சண்டைக் காலத்தில் ஏ9 பாதை பூட்டிக் கிடந்தபோது புதுப் பட வீடியோக் கொப்பி வன்னிக்குள் வருவதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. கரண்ட் இல்லை. டெக்கும் ரீவியும் ஒரு வீட்டில், ஜெனரேற்றர் இன்னொரு வீட்டில். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், புகை மணம் படத்தின் பாதிவரைக்கும் நிற்கும். இருந்த நாலைந்து கொப்பிகளைத்தான் விடிய விடியத் திரும்பப் பார்த்தோம். திரையில் கோடு விழுந்தால் ஒருத்தர் எழும்பிப் போய் டெக்கின் ஹெட்டைத் துடைப்பார். துடைத்துவிட்டு என்ன செய்வார் தெரியுமா? விட்டுப்போன துண்டுக்குத் திருப்பி ஓட்டுவார். எண்ணெய் எரிகிறதே என்று பார்க்காமல் திருப்பி ஓட்டுவார்! அந்த மரியாதை இன்றைக்கு இருபத்துநாலு மணித்தியாலமும் கரண்ட் வைத்திருக்கிறவனுக்கு ஏன் இல்லை?

இடையில் ஒன்று. படத்தில் வர முன்னமே வசனத்தைச் சொல்லிவிடுகிறவர்களைப் பற்றிப் பலருக்கும் ஆத்திரம். எனக்கு அவர்களோடு ஒரு பிரச்சினையும் இல்லை, நானே சொல்கிறவன்தான். பிழையாகச் சொல்கிறவர்களோடுதான் பிரச்சினை. சித்தப்பா, உங்களைத்தான்.

வாற ஞாயிறு கர்ணன் என்று அறிவித்தல் போகிறது. 1964இல் பந்துலு எடுத்த படம். 2012இல் அதைத் துடைத்து மினுக்கித் தியேட்டரில் விட்டார்கள், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு போயும் சனம் வரிசையில் நின்று பார்த்தது. அந்தப் படத்தில் அம்மாவின் இடம் எதுவென்று உலகத்துக்கே தெரியும். கர்ணன் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்க, சீர்காழி குரலெடுக்க, கண்ணன் வந்து செய்த புண்ணியத்தையும் தா என்று கையேந்துகிற இடம். ரீவிக்கார ஐயாமாரே, முன்னுக்கு என்னத்தையும் வெட்டுங்கள். கர்ணன் கல்யாணத்தை வெட்டுங்கள், போரில் பாதியை வெட்டுங்கள், செய்தியை நடுவில் போடுங்கள், அந்த ஷாம்புப் பெட்டையை இன்னும் நாலு தரம் தலைமுழுக விடுங்கள். அந்தப் பாட்டில் மட்டும் கை வைத்தீர்களோ, உங்கள் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்து அம்மாவின் கையில் கொடுப்பேன். பிறகு அவ என்ன சொல்லுவா, எவ்வளவு நேரம் சொல்லுவா என்பதற்கு நான் பொறுப்பில்லை. அதில் ஒரு சொல்லையும் உங்களால் வெட்ட ஏலாது.