சேர்ந்தாச்சு, சரி. பட்டியலில் ஏற்ற விட்டீர்களா?

நேற்றைய தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். "ராட்டர்டாம் ஒப்பந்தத்தில் 160 நாடுகளுக்கு மேல் சேர்ந்தாச்சு, இன்னும் எதற்கு இந்தக் கூச்சல்?" என்று கேட்டாரே, அவருக்குத்தான் இந்தப் பதிவு.

சேர்ந்தால் மட்டும் போதாது. ஆபத்தான ரசாயனங்களும் பூச்சிக்கொல்லிகளும் நாடு விட்டு நாடு போவதைப் பற்றி 1998இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் இது. இதன் மூன்றாம் இணைப்புப் பட்டியலில் ஏறிய ரசாயனத்தை இறக்குமதி செய்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாடும் சொல்லலாம். வேண்டாம் என்ற நாட்டுக்கு அது போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது ஏற்றுமதி செய்யும் நாட்டின் பொறுப்பு. தடைகூட இல்லை, கேட்டுவிட்டு அனுப்பு என்பதுதான். ஆனால் பட்டியலில் ஒன்றை ஏற்ற எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிந்தது கதை.

கல்நாரில், அதாவது ஆஸ்பெஸ்டாஸில், ஆறு வகை. ஐந்து பட்டியலில் இருக்கின்றன. இன்றைக்கு வியாபாரத்தில் ஓடுகிற ஆறாவது வகை, வெள்ளைக் கல்நார், அதில் இல்லை. ஒப்பந்தத்தின் சொந்த நிபுணர் குழுவே ஏற்றச் சொல்லியும், 2006இலிருந்து 2025 வரை கூட்டத்துக்குக் கூட்டம் ஒருசில நாடுகள் மறித்துக்கொண்டே இருக்கின்றன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்ட பிறகும்!

என் சித்தப்பா கல்நார் கூரை ஷீட் அறுக்கிற வேலை பார்த்தவர். சாயங்காலம் வந்தால் புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். சட்டையைச் சித்தி உதறித்தான் துவைக்கப் போடுவார், அந்தத் தூசியில்தான் நாங்கள் விளையாடினோம். கடைசிக் காலத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு மருத்துவர்கூட அவரைக் கேட்கவில்லை.

"கல்நார்தான் காரணம் என்று நிரூபிக்க முடியுமா?" என்பீர்கள். முடியாது. அந்த நோய்கள் தலைகாட்டவே பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குள் ஷீட் விற்றவனும் இருக்க மாட்டான், ரசீதும் இருக்காது. அந்தத் தைரியத்தில்தானே இந்த வியாபாரம் நடக்கிறது? "ஏழை நாடுகளுக்கு மலிவான கூரை வேண்டாமா?" என்று இன்னொரு கேள்வி. வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இன்னது வருகிறது, இன்ன ஆபத்து என்று தெரிந்து வாங்கட்டும் என்றால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? இறையாண்மை பேசுகிறவர்களே, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத்தானே இந்தப் பட்டியல் தருகிறது?

பாராகுவாட் களைக்கொல்லிக்கும் இதே கதிதான். குடித்துவிட்டால் மாற்று மருந்து கிடையாது. தன் வயலில் தெளிக்கக் கூடாது என்று தடைசெய்த நாட்டிலிருந்தே அடுத்தவன் வயலுக்குக் கப்பல் ஏறுகிறது. உங்கள் பிள்ளைக்கு ஆகாதது எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

எத்தனை நாடு சேர்ந்தது என்று இனி என்னிடம் கணக்குச் சொல்லாதீர்கள். ஒருமித்த முடிவு வராவிட்டால் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று விதியை மாற்றுங்கள். அதற்கு 2023இல் ஜெனீவாவில் நடந்த முயற்சியும் தோற்றுப்போனது. அடுத்த கூட்டத்தில் யார் கை தூக்குகிறார்கள், யார் மறிக்கிறார்கள் என்று நாடு நாடாகப் பெயர் சொல்லி, அதே விவாத மேடையில் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது கேட்கிறேன்.