சுடவே சுடாத துப்பாக்கிக்கு இத்தனை பேப்பரா?

யப்பா சாமி, முடியல. எங்க தாத்தா வெச்சிருந்த நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு வீட்ல கெடக்கு. குழல்ல கருமருந்தக் கொட்டி கம்பியால இடிச்சு கெட்டிச்சு சுடற அந்தக்கால மாடல். இப்ப அதுல, விசைய இழுத்தா வந்து அடிக்கற சுத்தியலே இல்ல, கட்டைய பாதி கரையான் தின்னுருச்சு, குழலு துருப்புடிச்சு அடைச்சுக் கெடக்கு. இத வெச்சு காக்கா கூட வெரட்ட முடியாது. அவரு ஞாபகமா செவுத்துல மாட்டி வெக்கணும், அவ்ளோதான் ஆசை.

2020 பிப்ரவரியில மத்திய உள்துறையே விதிய திருத்திருச்சு, கலைப்பொருள் வகையில வர்ற பழைய துப்பாக்கிய வாங்கவோ வெச்சுக்கவோ லைசன்ஸ் வேணாம், சுடறதுக்கும் வெளிய எடுத்துட்டுப் போறதுக்கும் மட்டும்தான் வேணும்னு. அட விட்டுதுடா சனின்னு அத பிரிண்ட் எடுத்துட்டு லைசன்ஸ் குடுக்கற ஆபீசுக்குப் போனா, அங்க இருக்கறவரு "இது கலைப்பொருள்தான்னு யாரு சொன்னா, சர்டிபிகேட் இருக்கா"ங்கறாரு. யாரு சார் குடுப்பாங்கன்னா, "எக்ஸ்பர்ட் யார்கிட்டயாச்சும் காட்டி வாங்கிட்டு வாங்க." சரி எடுத்துட்டுப் போய் காட்டறேன்னா, "அய்யய்யோ, லைசன்ஸ் இல்லாம வெளிய எடுத்துட்டுப் போனா கேஸ் ஆயிடும்"ங்கறாரு. யோவ்! அப்ப நான் என்னதான்யா பண்றது, எக்ஸ்பர்ட்ட தூக்கிட்டு வரவா?

இத்தனைக்கும் 1959 ஆயுதச் சட்டத்துல 45வது பிரிவுலயே இருக்கு, ரிப்பேர் பண்ணாலும் சுடாத பழைய ஆயுதத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாதுன்னு. அதக் காட்டுனா "அதெல்லாம் கோர்ட்ல பேசிக்கங்க"ன்னு பதில். நல்லா இருக்குய்யா, லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தா 2 வருஷத்துலேருந்து 5 வருஷம் வரைக்கும் உள்ள போகணும், இதுல நான் கோர்ட்ல போய் பேசிப் பாக்கணுமாம்.

சரி ஒழியுது, வாரிசுங்கற முறையில லைசன்சே கேட்டுருவோம்னு அப்ளை பண்ணா அது அதவிடக் கொடுமை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு சித்தப்பா அத்தை எல்லார்கிட்டயும் கையெழுத்து (அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நில விஷயத்துல பேச்சுவார்த்தையே கெடையாது, அது தனிக் கத), டாக்டர் சர்டிபிகேட், அப்புறம் துப்பாக்கிய பத்திரமா கையாளத் தெரியும்னு பயிற்சி சர்டிபிகேட். எந்தத் துப்பாக்கிய? சுத்தியலே இல்லாத துப்பாக்கிய! இதுல "உங்க உயிருக்கு ஆபத்து இருக்கா"ன்னு வேற கேள்வி. இப்டியே அலைஞ்சா பிரஷர் ஏறி போய்ச் சேந்துருவேன், அந்த ஆபத்துதான் இருக்கு.

அந்தப் பக்கம் கர்நாடகாவுல குடகுல பாருங்க, வெள்ளக்காரன் காலத்துலேருந்து அங்க இருக்கற கொடவர்களுக்கு லைசன்ஸ்லேருந்தே விலக்கு, சுடற துப்பாக்கிக்கே பூ வெச்சு பூஜை போடறாங்க. அவங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. 1878ல நம்மள நம்பாம வெள்ளக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்த தூக்கிட்டுதான 1959ல நாமளே ஒண்ணு போட்டோம், இந்த ஆபீஸ்காரங்க பார்வை மட்டும் இன்னும் அங்கயே நிக்குதேன்னுதான் வயித்தெரிச்சல்.

கடைசியா ஒருத்தர் ரொம்ப அக்கறையா, "பேசாம ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க, உங்களுக்குத் தொல்ல விட்டுச்சு"ங்கறாரு. ஒப்படைச்சா திரும்பி வருமா சார்னா சிரிக்கறாரு. ஒரு ஆள் வீட்டுக்கு வந்து அஞ்சு நிமிஷம் பாத்துட்டு "இது சுடாது"ன்னு ஒத்த வரி எழுதிக் குடுத்தா போதும், வண்டி செலவு கூட நானே தர்றேன். கேட்டா "அதுக்கு ஃபார்ம் இல்லீங்க"ன்னு சொல்றானுங்க!