யார் படிக்கப் போறாங்கன்னு கேக்காதீங்க, ஏஜெண்ட் படிக்குது

டாக்குமெண்டேஷன், அதாவது ஒரு சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்தணும்னு விளக்குற குறிப்பு எழுதுறதுதான் என் பொழைப்பு. சத்துவாச்சாரியில வீட்டுல உக்காந்தே வேலை. "இனிமே இதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க, ஏஐ பாத்துக்கும்"னு மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ஏஐ எதைப் பாத்துக்கும்? நீங்க எழுதி வெச்சதைத்தான் பாத்துக்கும். எழுதாம விட்ட இடத்துல அதுவா ஒண்ணை நினைச்சுக்கும். மனுஷனுக்குச் சந்தேகம் வந்தா பக்கத்து சீட்டுல எட்டிக் கேப்பான். ஏஜெண்ட், அதாவது நாம சொன்னதை வெச்சு ஆப்ல நமக்காக வேலை செய்யுற ஏஐ, பெரும்பாலும் கேக்காது. தோணினதைச் செஞ்சுட்டு "முடிச்சுட்டேன்"னு சொல்லிடும்.

தினசரிப் பழக்கங்களைக் குறிச்சு வைக்கிற ஆப் ஒண்ணு. பேர் வேண்டாம். ஏஜெண்ட்டோட சேத்துப் பயன்படுத்தலாம்னு பெருசா போட்டிருந்தாங்க. எங்க பெரியப்பாவுக்கு அதைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அவருக்கு சுகர், தினம் நடந்தே ஆகணும். கத்திரி வெயில் நேரத்துல வேலூர்ல பொழுது ஏறினப்புறம் எங்க நடக்குறது? விடியறதுக்கு முன்னாடியே கோட்டை மைதானத்துக்குப் போயிடுவார். நடந்து முடிச்சு அஞ்சு மணி வாக்குல போன்ல "நடந்துட்டேன்"னு சொல்லுவார், ஏஜெண்ட் குறிச்சு வைக்கும். அந்த ஸ்ட்ரீக், அதாவது விடாம நடந்த நாள் எண்ணிக்கை, ஏறுறதுல அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியம்மாகிட்ட, பால்காரர்கிட்ட எல்லாம் காட்டுவார்.

ஒரு காலைல போன். "இன்னாம்மா இது, திங்கக்கெழம நான் நடக்கவே இல்லன்னு சொல்லுது? நான் நடந்தேனே!" ஸ்ட்ரீக் பூஜ்யத்துக்குப் போயிருந்துச்சு. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ற மாதிரி அவர் என்கிட்ட விளக்கம் சொல்லிட்டிருந்தார். வயசான மனுஷன், விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன அவருக்கு?

நடந்தது இதுதான். அந்த ஆப்போட சர்வர் நேரத்தை யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல வெச்சிருக்கு. நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி முன்னாடி. அதாவது நமக்குக் காலைல 5:30 ஆனாத்தான் அங்க புது நாளே பொறக்கும். திங்கக்கிழமை அஞ்சு மணிக்குச் சொன்னது அங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:30. மறுநாள் கொஞ்சம் தாமதமாகி ஆறு மணிக்குச் சொன்னார், அது ஒழுங்கா செவ்வாய்க்கிழமையில விழுந்துச்சு. நடுவுல திங்கள் காலி. டாக்குமெண்டேஷன்ல இதைப் பத்தி இருக்கிறது ஒரே வரி: "தேதி: பழக்கம் செய்யப்பட்ட தேதி." எந்த ஊர்த் தேதி? கொடுக்காம விட்டா என்ன ஆகும்? 05/06ன்னு கொடுத்தா ஜூன் அஞ்சா, மே ஆறா? "பயனர் இருக்கிற ஊரோட தேதியை வருஷம், மாசம், நாள் வரிசையில 2025-06-05ன்னு அனுப்பு, விட்டுட்டா யூடிசி தேதி விழும்"னு எழுதியிருந்தா ஏஜெண்ட் சரியாவே அனுப்பியிருக்கும். எழுதக் கை வலிச்சுதா?

இன்னொரு வயித்தெரிச்சல். குறிக்கிறதுக்கு இருக்கிற ஒரே கட்டளை, ஒரு தடவை கூப்பிட்டா டிக் போடும், இன்னொரு தடவை கூப்பிட்டா டிக்கை எடுத்துடும். திரையில விரலால தட்டுற மனுஷனுக்கு அது சரி, கண்ணு முன்னாடி தெரியுது. ஏஜெண்ட்டுக்கு? நெட் சொதப்பி பதில் வரலேன்னா அது மறுபடியும் கூப்பிடும், அதோட வழக்கம் அது. போட்ட டிக் போயிடும், "குறிச்சுட்டேன்"னு பதிலும் வந்துடும். டாக்குமெண்டேஷன்ல "பழக்கத்தின் நிலையைப் புதுப்பிக்கும்"னு மட்டும் இருக்கு. ஒரு பழக்கத்தை நீக்குற கட்டளை, அதோட பழைய பதிவு மொத்தத்தையும் சேத்து அழிக்கும். அதையும் எங்கயும் சொல்லல. "இந்த மாசம் யோகா வேண்டாம், நிறுத்து"ன்னு ஒருத்தர் சொன்னா, ஏஜெண்ட் அந்தக் கட்டளையை எடுத்தா அது ஏஜெண்ட்டோட குத்தமா?

இதுக்கு வழி இல்லாமலும் இல்ல. ஏஐயை ஆப்களோட இணைக்கிறதுக்குன்னு 2024 நவம்பர்ல வந்த எம்சிபி நெறிமுறையில ஒவ்வொரு கருவிக்கும், அதாவது மேல சொன்ன மாதிரி கட்டளைக்கும், பேரும் விளக்கமும் உள்ளீட்டு அமைப்பும் கொடுக்க இடம் இருக்கு. அந்த விளக்கத்தைப் படிச்சுத்தான் ஏஜெண்ட்டுக்குள்ள இருக்கிற ஏஐ மாடல் எதைக் கூப்பிடலாம்னு முடிவே பண்ணுது. 2025 மார்ச் பதிப்புல, இது தரவை அழிக்கக்கூடியது, இதைத் திரும்பக் கூப்பிட்டாலும் பாதகமில்லைன்னு குறிச்சு வைக்கவும் வசதி வந்துடுச்சு. இந்த ஆப்ல விளக்கம் அரைகுறை, அந்தக் குறிப்பு இடமெல்லாம் காலியா கிடக்கு.

ரொம்பக் கோபம் வந்தது எங்கன்னா, சப்போர்ட்டுக்கு எழுதினப்போ "வேற மாடல் போட்டுப் பாருங்க"ன்னு பதில் வந்துச்சு. எந்த மாடல் போட்டாலும் படிக்கப் போறது அதே அரைகுறை வரியைத்தானே! அந்த வரிகளைப் பாத்தாலே தெரியுது, புரோகிராம் கோடைக் கொடுத்து ஏஐகிட்டயே எழுதச் சொல்லி அப்படியே ஒட்டியிருக்காங்க. கோடுல இருக்கிறதைத்தான் அது திருப்பிச் சொல்லும். விடியக்காலைல நடக்கிற ஒரு பெரியவர் எப்படிப் பயன்படுத்துவார், வாரத்துக்கு மூணு நாள்னு வெச்ச பழக்கத்துல வாரம் எந்தக் கிழமை தொடங்குது, உடம்பு சரியில்லாத நாளை விடுப்பாக் குறிச்சா ஸ்ட்ரீக் நிக்குமா முறியுமா, இதெல்லாம் ஆப்பைச் செஞ்சவங்க மனசுல இருக்கிற முடிவு. அதை அவங்கதான் எழுதணும். எழுதத் தெரியலேன்னா எழுதுறதுக்கு ஆள் வைங்க, சம்பளம் கொடுங்க.

அடுத்த வெர்ஷன்ல புதுசா வண்ண வண்ண பேட்ஜ் வருதாம். வேண்டாம். தேதியைச் சரி பண்ணுங்க, டிக் போட ஒண்ணும் எடுக்க ஒண்ணும்னு கட்டளையைப் பிரிங்க, அழிக்கிறது எதுன்னு வெளிப்படையா எழுதுங்க. எங்க பெரியப்பாவோட திங்கக்கிழமையையும் திருப்பிக் கொடுங்க.