ஆடிய படமும் ஆட விட்ட படமும்

சேலத்தில் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு ‘படம் ஷேக் ஆயிடுச்சு’ என்பதைவிடப் பெரிய குறை வேறில்லை. நானும் அந்தப் பயத்தோடுதான் தொழில் பழகினேன். இன்று நிலைமை மாறி, கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கி அசைவைக் கலங்கலாகப் பதிவு செய்யும் படங்களை மணமக்களே கைப்பேசியில் காட்டிக் கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பாணி மிகவும் பிடிக்கும். பிடிப்பதால்தான், கண்ட இடத்திலெல்லாம் அதைக் கையாள்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. படத்தில் ஏதாவது ஒன்று அசையாமல் நின்றால்தான் மற்றது அசைந்தது கண்ணுக்குத் தெரியும் என்பதே என் கட்சி.

தவில் வாசிப்பவரை எடுத்துக்கொள்வோம். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி, மடியில் கனத்த தவில். நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் குச்சி காற்றில் உறைந்து, அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடும். அதையே பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி மூச்சை அடக்கி எடுத்தால், முகமும் நெற்றித் திருநீறும் தெளிவாக நிற்க, இரண்டு கைகளும் புகைபோல விரியும். வாசிப்பு உச்சத்தில் இருந்தது அந்தக் கைகளைப் பார்த்தாலே புரியும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படமெடுத்தபோது, ஒளி பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்ததால், ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் மறைந்துபோனார்கள்; காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரோ பதிந்துவிட்டார். வரவேற்பு மேடைக்கு எதிரே மாடியில் முக்காலியை நிறுத்தி, அரை நொடி ஷட்டரில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவு வரும். வாழ்த்த வரும் கூட்டம் ஆறுபோல் ஓட, கைகோத்து நிற்கும் இருவர் மட்டும் தெளிவாக இருப்பார்கள்.

ஏற்காடு இந்த வேலைக்கென்றே அமைந்த இடம் என்பேன். சேலத்தின் உச்சி வெயிலில், ஒளியுணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 16 என்று வைத்தாலும் ஷட்டர் நூறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காது. அங்கே மெதுவான ஷட்டர் வேண்டுமென்றால் ஒளியைக் குறைக்கும் அடர்ந்த என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கும் காலையிலோ, அதே அமைப்பில் எட்டில் ஒரு பங்கு தானாகவே கிடைக்கும்; ஒளியை எட்டில் ஒன்றாக்கும் மூன்று ஸ்டாப் ஃபில்டர் ஒன்றை மாட்டினால் ஒரு முழு நொடி. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மணமக்களை நிறுத்தி, நெற்றியோடு நெற்றி ஒட்டிக்கொள்ளச் சொல்வேன். ஒருவர்மீது ஒருவர் சாய்ந்திருந்தால் உடல் ஆடாது. மூட்டம் அவர்களைக் கடந்து போகும், முந்தானை காற்றில் கரையும், இரண்டு முகங்களும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு படத்துக்காக முப்பது முறை அழுத்திய காலைகளும் உண்டு.

புல்லட்டில் போகும் ஜோடியோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே, முப்பதில் ஒரு பங்கு வேகத்தில், பின்னணியைக் கோடுகளாக்கும் படமும் அழகானதுதான். ஆனால் பேருந்துகள் ஏறி இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதைச் செய்யாதீர்கள். எஸ்டேட்டுக்குள் அனுமதி வாங்கிய மண்பாதை போதும். கணினியில் பின்னால் பூசும் கலங்கலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று ஒரு சேலையைத் தூக்கும்போது ஓரம் வேகமாகவும் மடிப்பு மெதுவாகவும் ஆடும். அந்த வித்தியாசம் மென்பொருள் பூச்சில் வருவதில்லை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகூர்த்தத்தில், கெட்டிமேளம் முழங்கி அட்சதை பறந்தபோது, அந்த மஞ்சள் மழையைக் கோடுகளாக்கும் ஆசையில் ஷட்டரை எட்டில் ஒரு பங்கிலேயே விட்டுவிட்டேன். அட்சதை நான் நினைத்தபடியே விழுந்தது. மணமகனின் கையும் தாலியும் மணமகளின் குனிந்த முகமும் சேர்ந்து கலங்கிவிட்டன. ஆல்பம் பார்க்க வந்த பெண்ணின் அம்மா, பக்கங்களை இரண்டு முறை புரட்டிவிட்டு, “தம்பி, தாலி கட்டுறது எங்கப்பா?” என்று கேட்டார். வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன்; அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதன்பிறகு மாங்கல்யதாரணத்தின்போது என் ஷட்டர் இருநூறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதே இல்லை. தாத்தா பாட்டியோடு எடுக்கும் குடும்பப் படங்களிலும் அப்படித்தான். மூன்று முடிச்சும் விழுந்து, பெரியவர்கள் வரிசையாக வந்து அட்சதை தூவும் நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், தவறினால் அடுத்தவர் வருவார். இரவு ஆட்டத்தில் ஷட்டர் மூடும் முன் அடிக்கும் ரியர் கர்ட்டன் ஃபிளாஷ் போட்டால், செவ்வாப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு வீடியோ லைட்டில் கோடு இழுத்து, கடைசியில் ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் பாதம் தெளிவாக நிற்கும். அது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான படம். ஆல்பம் முழுவதற்கும் இப்படி ஐந்தாறு படங்களுக்கு மேல் நான் வைப்பதில்லை. அதையும் முன்பணம் வாங்கும் நாளிலேயே, பழைய படங்களைக் காட்டி, மணமக்களிடம் மட்டுமல்லாமல் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தக் கல்யாணத்தில் அந்த ஃபில்டர் பையிலேயே இருக்கும்.