பழைய துணி வாங்கினால் தோல் நோய் வருமா?

"அடுத்தவர் உடுத்திய துணியை எத்தனை முறை துவைத்தாலும் தோல் நோய் ஒட்டிக்கொள்ளும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அருவருப்பாக இருந்தால் வாங்க வேண்டாம், அது அவரவர் மனசு. நோய்க் கதை வேறு. சிரங்கு உண்டாக்கும் சிற்றுண்ணி மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக 2, 3 நாளுக்கு மேல் தாங்காது, தையலுக்குள் ஒளியும் சீலைப்பேனுக்கும் ரத்தம் கிடைக்காவிட்டால் சுமார் ஒரு வாரம்தான், 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீரில் துவைத்தால் அன்றைக்கே கதை முடிந்தது. மூட்டைப்பூச்சி மட்டும் பட்டினியிலும் மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் காலர் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். சூட்டில் அதுவும் சாகும். சரி, புதுச் சட்டை? கசங்காமலிருக்க ஃபார்மால்டிஹைடு பிசின் ஏற்றியது என்றால் சிலருக்கு அரிக்கும், கடையில் எத்தனை பேர் போட்டுப் பார்த்தார்களோ, அதையும் துவைத்துத்தான் போட வேண்டும்.