சிவப்பு அட்டை கெடுத்த ஆட்டமா அது?

2022 நவம்பர் 12, ஆக்லாந்து ஈடன் பார்க். மகளிர் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து 34, இங்கிலாந்து 31. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஒரு வீராங்கனை சிவப்பு அட்டையால் வெளியேற்றப்பட்டு, பதினைந்து பேருக்குப் பதிலாகப் பதினான்கு பேரோடு ஆட நேர்ந்ததால்தான் இங்கிலாந்து தோற்றது, அட்டை ஆட்டத்தையே கெடுத்துவிட்டது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

30 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றுவிட்டு வந்த அணி இங்கிலாந்து. கால் மணி நேரத்துக்குள் 14-0. பிறகு 18ஆவது நிமிடத்தில், நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மனைத் தடுக்கப் பாய்ந்த இங்கிலாந்தின் லிடியா தாம்சன் குனியாமல் போனார். தலையோடு தலை மோதியது. நடுவர் ஹாலி டேவிட்சன் சிவப்பு அட்டை காட்டினார். தாம்சனிடம் வன்மம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் உலகக் கோப்பை வரலாற்றில் அதுவரை மிக அதிக ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) அடித்திருந்த வுட்மன், தன் சொந்த மண்ணில் நடந்த அந்த இறுதி ஆட்டத்துக்குத் திரும்பவே முடியவில்லை. அவருடைய இழப்பைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

சரி, அட்டை ஆட்டத்தைக் கெடுத்ததா? அதற்குப் பிறகும் இங்கிலாந்து 17 புள்ளிகள் எடுத்தது. இடைவேளையில் 26-19 என்று முன்னிலையில் இருந்ததும் அவர்களே. பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன்-அவுட்டில் பந்தைப் பிடித்து, கூட்டமாகச் சேர்ந்து தள்ளிக்கொண்டே கோட்டைக் கடக்கும் மால் ஆட்டம் அவர்களுடைய பெரும்பலம். ஏமி கோகெய்ன் அந்த வழியில் மூன்று ட்ரை அடித்தார். நியூசிலாந்து பந்தை அகலமாக விரித்து ஆடியது. 71ஆவது நிமிடத்தில் தெரசா ஃபிட்ஸ்பாட்ரிக் உதைத்து முன்னே அனுப்பிய பந்தை ஸ்டேசி ஃப்ளூலர் விரட்டிப் பிடித்து, விழும்போதே அயிஷா லெட்டி-ஈகாவிடம் கொடுத்த அந்த ட்ரையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். நேரம் முடிந்த பிறகு இங்கிலாந்துக்குக் கோட்டருகே கடைசி லைன்-அவுட். மால் கிளம்பியிருந்தால் கோப்பை அவர்களுக்குத்தான். ஜோவானா ஙான்-வூ எம்பிப் பந்தைத் தட்டிவிட்டார். வெல்ல வேண்டிய கடைசி வாய்ப்பு இங்கிலாந்தின் கையில்தான் இருந்தது, அதுவும் அவர்கள் மிகவும் நம்பிய ஆயுதத்தோடு. அதைப் பறித்தது எதிரணியின் துணிச்சல். அதை அட்டையின் கணக்கில் எழுதுவது நியூசிலாந்துப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். பதினான்கு பேராக நின்று அவ்வளவு தூரம் வந்த இங்கிலாந்துப் பெண்களுக்கும் அது பெருமை சேர்க்காது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், உலக ரக்பி அமைப்பு சோதனைக்குக் கொண்டுவந்த 20 நிமிடச் சிவப்பு அட்டை. வேண்டுமென்றே செய்யாத தவறென்றால், 20 நிமிடம் கழித்து மாற்று வீராங்கனையை இறக்கிக்கொள்ளலாம். ஆட்டத்தின் சமநிலை காக்கப்படும் என்கிறார்கள். அடிபட்ட தலைக்கு அது வேண்டுமென்றே விழுந்த அடியா, தவறி விழுந்த அடியா என்று தெரியுமா? பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள் செய்யும்போது குனியவேண்டும் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லிக்கொடுப்பது, குனியாவிட்டால் அணி முழுவதும் விலை கொடுக்க நேரும் என்ற பயத்தால்தான். அந்த விலையைக் குறைத்தால் அக்கறையும் குறையும். உள்நோக்கம் இல்லையென்றால் ஆட்டத்துக்குப் பிறகு அந்த வீராங்கனைக்கு விதிக்கும் தடையைக் குறைக்கட்டும். அதை நான் முழுமனதோடு ஏற்பேன். களத்தில் மீதி நேரம் முழுவதும் பதினான்கு பேர்தான் ஆடவேண்டும்.